சேலத்தில் ஒட்டுப்பசை ஆய்வகப் பயிற்சி: கடிதம் முதல் சான்றிதழ் வரை

எம்.எஸ்சி. வேதியியல் கடைசிப் பருவத்தில் ஒட்டுப்பசையில்தான் ப்ராஜெக்ட் என்று நான் முடிவு செய்தது அக்டோபரில். ஆய்வகத்துக்குள் கால் வைத்தது பிப்ரவரி இரண்டாம் வாரத்தில். நடுவில் போன நாலு மாதத்தில் வேதியியல் காரணமாக வந்த தடை ஒன்றுகூடக் கிடையாது. கல்லூரிக் கடிதத்தில் தேதி தவறு, கையெழுத்துப் போட வேண்டியவர் விடுப்பில், ரகசிய ஒப்பந்தத்தில் ஒரு வரி யாருக்கும் புரியவில்லை என்று இப்படியே போனது. ஏப்ரல் பாதியில் அறிக்கை ஒப்படைக்க வேண்டும். ஆக, வேலை செய்ய எனக்குக் கிடைத்தது ஒன்பது வாரம்.

உங்களுக்கு அந்த நாட்கள் மிஞ்ச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். வேதியியல், கெமிக்கல் இன்ஜினியரிங், பாலிமர், டெக்ஸ்டைல் படிப்பவர்கள், சேலம், நாமக்கல் பக்கம் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இடம் தேடுபவர்கள், இந்த வரிசையில் போனால் பாதி அலைச்சல் குறையும்.

1. எந்தப் பசை என்று முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் மாதத்தில் பதினான்கு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். "பசை ஆராய்ச்சியில் ஆர்வம் உள்ளது, வாய்ப்புத் தரவும்" என்பதுதான் எல்லாவற்றிலும் சாரம். ஒரே ஒரு பதில் வந்தது. அதிலும் ஒரு கேள்விதான் இருந்தது: எந்தப் பசை?

சரியான கேள்வி. மரத்துக்குப் போடும் வெள்ளைப் பசை பி.வி.ஏ., அதாவது பாலிவினைல் அசிடேட். செருப்புக்கும் ரெக்சினுக்கும் போடுவது கரைப்பானில் கரைந்த ரப்பர் பசை. உலோகத்துக்கு எபாக்சி. புத்தக பைண்டிங் எந்திரத்தில் உருகி ஊற்றுவது ஹாட் மெல்ட். பிளைவுட்டுக்கு ஃபார்மால்டிஹைடு பிசின்கள். ஒவ்வொன்றுக்கும் வேதியியல் வேறு, கருவி வேறு, ஆபத்தும் வேறு. ஒன்றில் வேலை செய்பவர் மற்றொன்றைத் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

சேலத்தில் இருக்கும் உங்களுக்கு என் சிபாரிசு ஸ்டார்ச் பசை. ஆத்தூர், வாழப்பாடி, ராசிபுரம் பக்கமெல்லாம் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, விளைகிறது. அதை அரைத்து மாவெடுக்கும் சேகோ ஃபேக்டரிகள் சுற்றிலும் இருக்கின்றன. அந்த மாவு ஜவ்வரிசியாக மட்டும் போவதில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனிக்குக் கம்மாகவும், நூல் சுற்றும் காகிதக் கோனுக்குப் பசையாகவும், தறிக்குப் போகும் பாவுக்குக் கஞ்சியாகவும், வறுத்து டெக்ஸ்ட்ரினாக்கி உறை ஒட்டும் கோந்தாகவும் போகிறது. மூலப்பொருள் கைக்கெட்டும் தூரத்தில், பயன்படுத்துபவரும் அதே ஊரில். பெரிய நகரத்து ஆய்வகத்தில்கூட இந்த வசதி கிடைக்காது.

தலைப்பை எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்குங்கள். "ஸ்டார்ச் பசை பற்றிய ஆய்வு" என்பது தலைப்பே இல்லை. "மழைக்காலத்தில் அட்டைப்பெட்டி பிரிந்துபோகாமல் இருக்க மரவள்ளி ஸ்டார்ச் கம்மின் ஈரத் தாங்குதிறனைக் கூட்டுவது" என்று எழுதினால், படிக்கும் மேலாளருக்கு அவருடைய வாடிக்கையாளரின் புகார் நினைவுக்கு வரும். இப்படித் தலைப்பை மாற்றிய பிறகு ஐந்து கடிதம் அனுப்பினேன், மூன்று இடத்திலிருந்து கூப்பிட்டார்கள்.

2. எங்கே கேட்பது

பெரிய நிறுவனங்களின் ஆராய்ச்சி மையங்கள் சேலத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். இங்கே பெரும்பாலும் தொழிற்சாலையோடு ஒட்டிய ஒரு லேப், அதில் இரண்டு மூன்று பேர். பெயர்ப் பலகையில் தரக் கட்டுப்பாடு என்றுதான் இருக்கும். புதுக் கலவை போட்டுப் பார்ப்பதும் அதே மேசையில்தான் நடக்கும்.

மூன்று வகை இடங்களில் கேட்கலாம். மாவைப் பசையாகவோ டெக்ஸ்ட்ரினாகவோ மாற்றும் ஸ்டார்ச் ஆலைகள் ஒன்று. பசையை வாங்கிப் பயன்படுத்தும் அட்டைப்பெட்டி, காகிதக் கோன் தயாரிப்பாளர்கள் இன்னொன்று. இவர்களை மாணவர்கள் யாரும் நினைப்பதே இல்லை, ஆனால் பிரச்சினை இவர்களிடம்தான் இருக்கிறது. மூன்றாவது ஆராய்ச்சி நிலையங்கள். சேலம் மாவட்டத்திலேயே ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அங்கே பயிர்தான் முக்கியம், பசை அல்ல. ஆனால் எந்த ரகக் கிழங்கில் எவ்வளவு மாவு என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல இடம் இல்லை. ஸ்டார்ச்சின் தொழில்முறைப் பயன்பாட்டுக்குத் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் உள்ள மத்தியக் கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம். செயற்கைப் பிசின் என்றால் சென்னை அடையாறில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம், கிண்டியில் பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனமான சிப்பெட். இப்படிப்பட்ட அரசு நிறுவனங்களில் மாணவரிடமே பயிற்சிக் கட்டணம் வாங்கும் வழக்கம் உண்டு. விண்ணப்பிக்கும் நாளிலேயே அதைக் கேட்டுவிடுங்கள்.

ஆலைகளின் பெயர் எப்படித் தெரியும்? மாவட்டத் தொழில் மையத்தில் விசாரிக்கலாம். சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கத்தின் உறுப்பினர்கள் எல்லாம் ஜவ்வரிசி, ஸ்டார்ச் உற்பத்தியாளர்கள்தான். எனக்குப் பலித்தது வேறு வழி. செவ்வாய்ப்பேட்டையில் அட்டைப்பெட்டி வாங்கும் கடைகளில், பெட்டியின் அடியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாளர் பெயரைக் குறித்துக்கொண்டு வந்தேன். ஒரு மதியத்தில் ஒன்பது பெயர் கிடைத்தது.

மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். சிறு ஆலைகளில் அந்தப் பெட்டியை யாரும் திறப்பதில்லை. காலை பதினோரு மணிவாக்கில் நேரில் போங்கள். ஷிஃப்ட் மாறும் நேரமும், லோடு ஏற்றும் மாலை நேரமும் வேண்டாம். கேட்டில் "ஹெச்.ஆரைப் பார்க்கணும்" என்று சொன்னால் "வேலை இல்லம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். "லேப் இன்சார்ஜ் சாரைப் பார்க்கணும், காலேஜ் ப்ராஜெக்ட் விஷயமா" என்று சொல்லுங்கள்.

இங்கே இரண்டு பொறிகள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் இன்டர்ன்ஷிப் சான்றிதழ் என்று விளம்பரம் செய்பவர்கள் பக்கம் போகாதீர்கள். என் வகுப்பில் ஒருவர் இரண்டாயிரம் கட்டி வாங்கினார். வைவாவில் "என்ன கருவி பயன்படுத்தினாய்?" என்ற முதல் கேள்விக்கே அவரால் பதில் சொல்ல முடியவில்லை. இரண்டாவது, 2024 அக்டோபரில் தொடங்கிய பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தில் விண்ணப்பிக்கச் சொல்லிப் பலர் அறிவுரை தருவார்கள். தொடங்கியபோது இருந்த விதிப்படி முழுநேரமாகப் படித்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது பொருந்தவில்லை. அப்ரண்டிஸ் பயிற்சியும் பெரும்பாலும் படிப்பு முடித்தவர்களுக்கானது. நான் இந்த இரண்டுக்கும் படிவம் நிரப்பி ஒரு வாரத்தை வீணடித்தேன்.

3. எப்போது கேட்பது

ஜனவரியில் சேர வேண்டும் என்றால் செப்டம்பரில் முதல் கடிதம் போக வேண்டும். நான்கு மாதம் அதிகம் என்று தோன்றும். கல்லூரிக்குள் சுற்றும் கடிதத்துக்கே இரண்டு மூன்று வாரம் போய்விடுகிறது, அதிலும் நவம்பரில் பருவத் தேர்வு.

கோடை விடுமுறைப் பயிற்சிக்கு இன்னொரு சிக்கல் இருக்கிறது. மே, ஜூனில் கிழங்கு வரத்து ஓய்ந்து பல மில்கள் ஓட்டத்தை நிறுத்தி எந்திரப் பராமரிப்பில் இறங்கிவிடும். பச்சை மாவு, ஈர மாவு, தொட்டியில் படியும் மாவு என்று உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்திலும் மாதிரி எடுக்க வேண்டிய தலைப்பு என்றால் கோடையில் செய்யவே முடியாது. காய்ந்த மாவு மூட்டை வருடம் முழுக்கக் கிடைக்கும், ஆகவே பசைக் கலவை பற்றிய தலைப்புக்குத் தடையில்லை. அட்டைப்பெட்டிக் கம்பெனிகளிலோ மாம்பழ சீசனில் பெட்டி ஆர்டர் குவியும் இடங்கள் உண்டு. அப்போது உங்களுக்குச் சொல்லித்தர ஒருவருக்கும் நேரம் இருக்காது. உங்கள் இடத்தில் எந்த மாதம் நெருக்கடி என்று நேரிலேயே கேட்டுவிடுங்கள்.

எத்தனை நாள் வேண்டும்? ஒரு மாதத்தில் கருவிகளைப் பழகலாம், அவ்வளவுதான். ஒரு கலவையை மாற்றி, சோதித்து, திரும்பச் செய்து பார்க்கக் குறைந்தது பத்து வாரம்.

4. காகிதங்கள்

கம்பெனி கிடைத்த பிறகு இவற்றைச் சேர்க்கலாம் என்று இருக்காதீர்கள், தேடத் தொடங்கும்போதே சேர்த்துவிடுங்கள்.

கல்லூரியின் அனுமதிக் கடிதம்: இதில்தான் எனக்கு இருபது நாள் போனது. முதலில் "உரியவருக்கு" என்று பொதுவாக எழுதி வாங்கினேன். கம்பெனி ஏற்கவில்லை, தங்கள் பெயருக்கு வேண்டும் என்றது. இரண்டாவது கடிதத்தில் தொடங்கும் தேதி ஞாயிற்றுக்கிழமையாக விழுந்திருந்தது. மூன்றாவது கடிதம் தயாரானபோது துறைத்தலைவர் தேர்வுப் பணிக்கு வெளியூர் போயிருந்தார். கடிதத்தில் நிறுவனத்தின் முழுப் பெயர், உங்கள் பதிவெண், தொடங்கும், முடியும் தேதிகள், தலைப்பு, வழிகாட்டும் ஆசிரியரின் பெயரும் கைபேசி எண்ணும் இருக்கிறதா என்று அச்சடிக்கும் முன்பே பாருங்கள். இரண்டு அசல் பிரதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அதோடு போனஃபைடு சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் நகல்கள், கல்லூரி அடையாள அட்டை, ஆதார் நகல், நான்கு புகைப்படம், ஒரு பக்க ரெஸ்யூமே. உதவித்தொகை தருவதாகச் சொன்னால் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகலும் பான் அட்டையும். பான் இல்லாதவர்கள் இப்போதே எடுத்துவையுங்கள்.

மருத்துவத் தகுதிச் சான்று சில இடங்களில் கேட்பார்கள். ஆஸ்துமா, தோல் ஒவ்வாமை இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். மாவுத் தூசியும் கரைப்பான் ஆவியும் உங்களைத்தான் பாதிக்கும்.

ஒரு பக்கத் திட்டக் குறிப்பும் கையில் இருக்கட்டும். என்ன பிரச்சினை, எதை மாற்றப் போகிறீர்கள், எதை அளப்பீர்கள், அவர்களிடமிருந்து என்னென்ன வேண்டும். கடைசிக் கேள்விக்கு "ஐந்து கிலோ மாவு, ஒரு மேசை, வாரம் நான்கு மணி நேரம் விஸ்கோமீட்டர் (பாகுநிலை அளக்கும் கருவி)" என்று எழுதியிருந்தேன். அந்த வரியைப் படித்துவிட்டுத்தான் மேலாளர் சம்மதித்தார். இவ்வளவுதான் கேட்கிறாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

5. ரகசிய ஒப்பந்தம்: இதை முதல் வாரத்திலேயே பேசித் தீர்த்துவிடுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

பசைத் தொழிலில் சொத்தே கலவைதான். என்ன பொருள், எவ்வளவு, எந்தச் சூட்டில், எந்த வரிசையில் என்பது வெளியே போகக் கூடாது. அது நியாயம். உங்கள் கல்லூரிக்கோ சோதனை விவரம் முழுவதும் அறிக்கையில் வேண்டும், வெளித்தேர்வாளர் படித்துப் பார்க்க வேண்டும். அதுவும் நியாயம். இரண்டுக்கும் நடுவில் மாட்டுவது மாணவர்.

எனக்கு நடந்தது இது. சேரும் நாளில் மூன்று பக்க ஒப்பந்தத்தை நீட்டினார்கள். படிக்காமலே கையெழுத்துப் போட்டேன். ஏழாவது வாரம் அறிக்கையின் வரைவைக் காட்டியபோது, கலவைப் பட்டியல் முழுவதையும் சிவப்பு மையில் அடித்துத் தந்தார்கள். அதை எடுத்துக்கொண்டு போனால் என் கைடு, "பட்டியல் இல்லாத அறிக்கையை நான் எப்படிம்மா கையெழுத்துப் போட்டு அனுப்புவேன்?" என்று கேட்டார். அன்று வாழப்பாடி பஸ்ஸில் வீடு வரும் வரை அழுதுகொண்டே வந்தேன். பதினோரு நாள் இரண்டு பக்கமும் நடந்து ஒரு வழி கண்டுபிடித்தோம். மூலப்பொருள்களுக்கு எஸ்-1, பி-1 என்று குறியீடு. கம்பெனியின் வழக்கமான கலவையை 100 என்று வைத்துக்கொண்டு, என் மாற்றங்களை அதற்கு ஒப்பாக மட்டும் எழுதினேன். சோதனை முறை முழுவதும் அப்படியே வந்தது. தேர்வாளர் ஒரு குறையும் சொல்லவில்லை.

முதல் வாரத்திலேயே கேட்டிருந்தால் இது பத்து நிமிடப் பேச்சு. ஆகவே கையெழுத்துப் போடும் முன் இப்படி ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள்: "மூலப்பொருள்களின் வணிகப் பெயரும் சரியான விகிதமும் அறிக்கையில் குறியீடாக மட்டும் வரும். சோதனை முறைகளும் ஒப்பீட்டு முடிவுகளும் அறிக்கையில் இடம்பெறும். வரைவை நிறுவனம் ஏழு வேலை நாட்களுக்குள் பார்த்துத் திருப்பித் தரும்." அந்த ஏழு நாளை விட்டுவிடாதீர்கள். கெடு எழுதாவிட்டால் வரைவு மேசையிலேயே கிடக்கும்.

இன்னும் சில விஷயங்களையும் அப்போதே கேளுங்கள். ஆய்விதழில் கட்டுரையாக வெளியிடலாமா? மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பலாமா? ஐ.ஆர். (அகச்சிவப்பு) நிறமாலை எடுக்கப் பல்கலைக்கழகக் கருவி மையத்துக்கு ஒரு சிட்டிகை பொடி அனுப்பினாலும் அது வெளியே போனதாகத்தான் கணக்கு. கைபேசியில் படம் எடுக்கலாமா? தோழிக்கு அனுப்பிய ஒரு செல்ஃபியின் பின்னணியில் கலவைப் பலகை தெரிந்ததால் ஒரு மாணவரைப் பாதியில் நிறுத்தியதை நேரில் பார்த்திருக்கிறேன்.

கல்லூரியும் சேர்ந்து கையெழுத்திட வேண்டிய ஒப்பந்தம் என்றால் யாருக்கு அந்த அதிகாரம் என்று கேளுங்கள். துறைத்தலைவர் கையெழுத்து போதாது, முதல்வரோ பதிவாளரோ போட வேண்டும் என்று கடைசியில் சொல்வார்கள். முத்திரைத்தாளில் வேண்டும் என்றால், எத்தனை ரூபாய்த் தாள் என்று கம்பெனியிடமே எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். நான் குறைந்த மதிப்பில் வாங்கி, மறுபடி அலைந்தேன்.

6. செலவு

சிறு ஆலைகளில் உதவித்தொகையை எதிர்பார்க்க வேண்டாம். எனக்குப் பணமாக எதுவும் தரவில்லை, மதியச் சாப்பாடு கேன்டீனில் போட்டார்கள். அதைக் கேட்டு வாங்கலாம், தயங்காதீர்கள்.

என் கைக்காசு போன கணக்கு இது. பாதுகாப்பு ஷூ 900 ரூபாய், பருத்தி லேப் கோட் 350, கண்ணாடி 120. மருத்துவச் சான்று 300. அறிக்கை நான்கு பிரதி அச்சும் பைண்டிங்கும் 1,400. வாழப்பாடியிலிருந்து சேலம் புதிய பேருந்து நிலையம் வரை தினமும் காசு கொடுத்துத்தான் வந்தேன், அதுதான் பெரிய செலவு. அங்கிருந்து ஆலைக்குச் சாதாரண டவுன் பஸ், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தம்பிகள் அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி பஸ் பாஸ் வீட்டுக்கும் கல்லூரிக்கும் இடையில்தான் செல்லும், ஆலைக்குப் போக அதைக் காட்டி நடத்துநரிடம் வாதாட வேண்டாம்.

ரசாயனமும் கருவியும் கம்பெனி செலவு. வெளி ஆய்வகச் சோதனை யார் செலவு என்பதை முன்பே பேசுங்கள். இல்லாவிட்டால் பில் உங்களிடம் வரும்.

7. உடம்பு முக்கியம்

ஸ்டார்ச் பசை சாப்பாட்டு மாவுதானே என்ற அலட்சியம் வேண்டாம். அட்டைப்பெட்டிக் கம்மில் காஸ்டிக் சோடா போடுவார்கள். கண்ணில் ஒரு சொட்டுப் பட்டால் பார்வை போகும். காஸ்டிக்கைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும், காஸ்டிக்கின் மேல் தண்ணீரை ஊற்றவே கூடாது. கொதித்துத் தெறிக்கும். கண் கழுவும் குழாய் எங்கே இருக்கிறது, அதில் தண்ணீர் வருகிறதா என்று முதல் நாளே திறந்து பாருங்கள்.

ரப்பர் பசை ஆய்வகம் என்றால் டொலுவீன் ஆவியும் தீயும். ஹாட் மெல்ட் என்றால் 160 டிகிரிக்கு மேல் உருகிய பிசின், தோலில் பட்டால் ஒட்டிக்கொண்டே சுடும். எந்த ரசாயனத்தைத் தொடும் முன்பும் அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

கல்லூரியில் மாணவர் விபத்துக் காப்பீடு இருந்தால், அது வெளிப் பயிற்சிக்கும் பொருந்துமா என்று அலுவலகத்தில் கேளுங்கள். அதோடு வங்கிக் கணக்கு மூலம் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்திலும் சேர்ந்துவிடுங்கள். வருடத்துக்கு 20 ரூபாய், 18 வயது ஆகியிருந்தால் போதும். விபத்து மரணத்துக்கும் ஊனத்துக்கும்தான் அது, ஆஸ்பத்திரிச் செலவுக்கு இல்லை.

துப்பட்டா, தொங்கும் கம்மல், வளையல் எதுவும் கலக்கும் எந்திரத்தின் பக்கம் வேண்டாம். பெண்கள் ஷிஃப்ட் நேரத்தையும், மாலை எத்தனை மணிக்குக் கேட்டை விட்டு வெளியே வரலாம் என்பதையும் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். ஐந்தரைக்கு விட்டுவிட வேண்டும் என்று என் கைடு எழுதிக் கொடுத்தார். அதை மீறி யாரும் நிறுத்தவில்லை.

8. முதல் இரண்டு வாரம்: அளக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சேர்ந்த அன்றே புதுப் பசை கண்டுபிடிக்க ஆசையாக இருக்கும். பொறுங்கள். கம்பெனியின் வழக்கமான கலவையை நீங்களே போட்டு, ஐந்து முறை ஒரே முடிவு வரும் வரை திரும்பத் திரும்ப அளந்து பாருங்கள். அது வராமல் எந்த மாற்றம் செய்தாலும், மாற்றத்தால் வந்த வித்தியாசமா உங்கள் கைத் தவறா என்று சொல்ல முடியாது.

என் முதல் வாரக் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டு லேப் இன்சார்ஜ் கேட்டார்: "ஏம்மா, எந்த ஸ்பிண்டில்ல எடுத்த? எத்தனை ஆர்.பி.எம்.? எந்தச் சூட்டுல?" நான் பாகுநிலை எண்ணை மட்டும் எழுதியிருந்தேன். ஸ்டார்ச் கூழ் வேகமாகக் கலக்கினால் இளகிக் காட்டும், மெதுவாகக் கலக்கினால் கெட்டியாகக் காட்டும். ப்ரூக்ஃபீல்டு விஸ்கோமீட்டரில் ஸ்பிண்டில் (மாதிரிக்குள் சுழலும் தண்டு) எண்ணும் வேகமும் எழுதாத அளவை யாரும் பயன்படுத்த முடியாது. ஒரு வாரக் குறிப்பு முழுவதும் குப்பைக்குப் போனது.

சூடு இன்னொரு பாடம். சேலத்து வெயில் உங்களுக்குத் தெரியும். காலை ஒன்பதரைக்கு எடுத்த எண்ணும் மதியம் மூன்று மணிக்கு எடுத்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. மாவை மாற்றினேன், தண்ணீரை மாற்றினேன், கடைசியில்தான் தெரிந்தது மேசையின் சூடு மாறியிருக்கிறது என்று. மாதிரியை நீர்த்தொட்டியில் ஒரே வெப்பத்தில் வைத்துத்தான் அளக்க வேண்டும். வேகவைத்து எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் எழுதுங்கள். ஆற ஆறக் கூழ் தானாகவே இறுகும்.

மாவின் ஈரப்பதம்: கணக்கு தப்புவது பெரும்பாலும் இதில்தான். மூட்டையில் இருக்கும் மாவு முழுக்க மாவல்ல, நூற்றுக்குப் பத்துப் பதின்மூன்று பங்கு தண்ணீர். 200 கிராம் காய்ந்த மாவு வேண்டும் என்றால் 13 சதவீத ஈரத்தில் 230 கிராம் எடுக்க வேண்டும், 10 சதவீத ஈரத்தில் 222 கிராம் போதும். கூடுதலாக வந்த தண்ணீரைச் சேர்க்கும் தண்ணீரில் கழிக்கவும் வேண்டும். மூட்டை மாறும்போதெல்லாம் 105 டிகிரி அடுப்பில் காயவைத்து ஈரத்தைப் பாருங்கள்.

ஆலைத் தளத்திலும் நேரம் செலவிடுங்கள். பசை காய்ச்சும் தொட்டியை இருபது வருடமாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு அண்ணன் எங்கள் ஆலையில் இருந்தார். அட்டைப்பெட்டிக் கம்மில் மாவின் ஒரு சிறு பங்கை மட்டும் காஸ்டிக்கோடு வேகவைத்துக் கஞ்சியாக்கி, மீதி மாவைப் பச்சையாகவே அதில் கலக்கி, வெண்காரம் சேர்ப்பார்கள். காகிதம் சூடான உருளையில் ஏறும்போதுதான் பச்சை மாவு வெந்து ஒட்டும். பாடப்புத்தகத்தில் இதைப் படித்திருந்தேன். எந்தச் சூட்டில் மாவு வெந்து இறுகுகிறது என்று நான் தெர்மாமீட்டரோடு நிற்பேன். அவர் கலக்கும் குச்சியைத் தூக்கிக் கம் வழியும் விதத்தைப் பார்த்துச் சொல்வார், பெரும்பாலும் என் தெர்மாமீட்டரை ஒட்டியே வரும். வெண்காரம் கூடினால் உருளையில் எப்படி நூல் நூலாக இழுக்கும் என்று அவர் காட்டியதுதான் என் அறிக்கையின் மூன்றாவது அத்தியாயமாக வந்தது. நன்றி பக்கத்தில் அவர் பெயரைப் போட அனுமதி கேட்டுப் போட்டேன். நீங்களும் இப்படிப்பட்டவர்களை மறந்துவிடாதீர்கள்.

சோதனை முறையைத் தரநிலையோடு பொருத்திச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டி அட்டைக்கு "பின் அட்ஹீஷன்" (pin adhesion) சோதனை, அதாவது ஊசிகளைச் செருகி நடுவில் உள்ள நெளித்தாளையும் மேல்தாளையும் பிரித்து இழுக்கும் முறை, டாப்பி டி 821. உலோகத்தில் மேல்கவிந்த ஒட்டை இழுத்து அளக்கும் சறுக்கு வலிமைக்கு (ஷியர் ஸ்ட்ரெங்த்) ஏ.எஸ்.டி.எம். டி 1002. பிளைவுட் பிசினுக்கு நம் நாட்டு ஐ.எஸ். 848. எந்தச் சோதனையானாலும் குறைந்தது ஐந்து துண்டு. இன்னொன்றையும் எழுதுங்கள்: எங்கே பிரிந்தது? பசைக்குள்ளேயா, பசைக்கும் தாளுக்கும் இடையிலா, தாளே கிழிந்ததா? தாள் கிழிந்திருந்தால் பசை தாளைவிட வலிமையாக நின்றிருக்கிறது. வெறும் எண்ணை விட இந்த ஒரு வரி தேர்வாளருக்கு அதிகம் சொல்லும்.

9. கிளம்பும் முன்

சான்றிதழைக் கடைசி நாளில் கேட்காதீர்கள். இரண்டு வாரம் முன்பே வரைவை நீங்களே தட்டச்சு செய்து கொடுத்துவிடுங்கள். கல்லூரிக் கடிதத்தில் உள்ள தேதிகளும் சான்றிதழில் உள்ள தேதிகளும் ஒன்றாக இருக்க வேண்டும். பிந்திச் சேர்ந்திருந்தால் திருத்திய கடிதம் ஒன்றைக் கல்லூரியிலிருந்து வாங்கிக் கோப்பில் வையுங்கள். எனக்குத் தேதி பொருந்தாமல் அக மதிப்பெண் ஒரு வாரம் நின்றது.

வருகைப் பதிவேட்டின் நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஆய்வகக் குறிப்பேடு பெரும்பாலும் கம்பெனிக்குச் சொந்தம், எடுத்துவர விடமாட்டார்கள். எந்தப் பக்கங்களின் நகல் உங்களுக்கு வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுத்து அனுமதி வாங்குங்கள். மாதிரிப் புட்டிகளில் பெயர், தேதி, கலவைக் குறியீடு ஒட்டி ஒப்படையுங்கள். ஸ்டார்ச் பசையில் பூஞ்சை பிடிக்கும், பழைய புட்டிகளை அடுத்தவர் தலையில் கட்டிவிட்டு வராமல் நீங்களே கழுவி வையுங்கள்.

சான்றிதழ் கைக்கு வந்ததும் கம்பெனி வாசலிலேயே நின்று பெயர் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பாருங்கள். என் இனிஷியல் மாறியிருந்தது. அப்போதே உள்ளே போனதால் பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார்கள்.